நாற்பத்தொன்று

அக்டோபரில் நாரின் ஆறு மெலிந்து
கல் தெரிய ஓடும்.
மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்,
மதகை இறக்கி, வயிற்று நீரை வடித்தார்கள்.
நத்தை ஓடு போலச் சுருண்டு குறுகும் குழலுக்குள்
தவழ்ந்து போகிறேன்,
பற்றவைக்கும் கம்பிகளை இழுத்துக்கொண்டு.

வாயிலில் எசென்பெக் முக்காலி போட்டு எண்ணுகிறான்.
சுத்தியல், அரம், விளக்கு, கண்ணாடி, குறிபோடும் சுண்ணக்கட்டி:
உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.
நாற்பத்தொன்று.
வெளியே வரும்போதும் நாற்பத்தொன்று வேண்டும்.
மறந்துபோன திருகாணியைச்
சக்கரம் தோட்டாவாக்கிவிடும்.

சக்கரம் என்னைவிட உயரம்.
இத்தனை அருகில், அசையாமல் நிற்கும்போது
கொஞ்சம் வெட்கப்படுவதுபோல் இருக்கிறது.
விளக்கைச் சாய்த்தால்
இலைகளின் பின்புறமெல்லாம் அம்மைத் தழும்பு.
மணல் செய்ததில்லை, கல் செய்ததில்லை.
பாய்கிற வேகத்தில் இலைக்குப் பின்னே அழுத்தம் குறைய
குளிர்ந்த நீர் குளிர்ந்தபடியே கொதிக்கிறது.
கடுகளவு குமிழிகள்.
அடுத்த கணம் அழுத்தம் திரும்ப
ஒவ்வொன்றும் ஒரு சுத்தியலாய் நொறுங்குகிறது.
எறும்பு ஊரக் கல் தேயுமாம்.
இங்கே வெறுமை வெடித்து எஃகு தேய்கிறது.

குழிகளைச் சுற்றி வட்டம் போடுகிறேன்.
அரைக்கிறேன். நிரப்புகிறேன். மறுபடி அரைக்கிறேன்.
மதகின் இடுக்கில் கசியும் நீர்
முழங்காலை நனைத்துக்கொண்டே இருக்கிறது.
அதன் பின்னால் நூறு மீட்டர் உயரம் நிற்கிறது.
அதைப் பற்றி நினைக்கக் கூடாது.
நினைக்கிறேன்.

சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் விற்கும் ஒய்னிசா
என்னைக் கண்டாலே சண்டைக்கு வருவாள்.
“மின்சாரத்தை நீங்கள் உறிஞ்சிக்கொண்டு
சக்கையைத்தானே எங்கள் தோட்டத்துக்கு விடுகிறீர்கள்?”
இல்லை அக்கா, நீரில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை.
எடுப்பது அதன் உயரத்தை மட்டும்.
மேலே நின்றது கீழே வந்தாக வேண்டும்,
வருகிற வழியில் ஒரு சக்கரத்தைத் தள்ளிவிட்டுப் போகிறது.
சக்கரத்தின் அச்சு மேல்தளம் வரை போகிறது.
அங்கே முப்பது காந்தத் துருவங்கள்
செம்புச் சுருள்களை ஒரு விரற்கடை தள்ளி,
தொடாமல், தொடாமல் கடக்கின்றன.
அந்தத் தொடாமையில்தான் உன் வீட்டு விளக்கு.
“உயரத்தை எடுத்தால் சத்துப் போகாதா?”
என்று கேட்டாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறாம் நாள் மாலை வெளியே வருகிறேன்.
எசென்பெக் கோடுகளை அடித்துக்கொண்டே வந்து நின்றான்.
நாற்பது.
மீண்டும் எண்ணினான். நாற்பதுதான்.
பிஷ்கெக்கிலிருந்து தொலைபேசி:
குளிர் இறங்கிவிட்டது, ஊரெல்லாம் அடுப்பை மூட்டிவிட்டது,
மூன்றாம் இயந்திரம் எங்கே?
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே குரல்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு.
நானும் இரண்டு பையன்களும் மறுபடி உள்ளே.
இலைக்கு இலை விரலால் தடவினோம்.
சேற்றைக் கையால் அள்ளிச் சலித்தோம்.
ஒரு மணி நேரம். இன்னும் அரை மணி.
களைத்து வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினேன்.
கொண்டையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்து
எசென்பெக்கின் காலடியில் இரண்டாய் உடைந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
“நாற்பத்தொன்று” என்று எழுதினான்.
யோசித்து, “அரை, அரை” என்று அடைப்புக்குள் சேர்த்தான்.

நீர் நிரப்பினோம். வழிகாட்டும் தகடுகள் கண் திறந்தன.
முதலில் ஒரு முனகல்,
பிறகு தரை வழியே பல்லுக்கு ஏறும் அதிர்வு.
நிமிடத்துக்கு இருநூறு சுற்று.
சரளைக்கல் கொட்டுகிற பழைய சத்தம் இல்லை.
அடுத்த ஆண்டு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆப்ரிகாட் கேட்டேன்.
ஒய்னிசாவின் மின்தராசில் சிவப்பு எண்கள்
துடித்து, தயங்கி, நின்றன.
கூடுதலாக இரண்டு பழம் போட்டாள்.
“சக்கைத் தண்ணீரில் விளைந்தது” என்றாள்.